கேட் போட்டிருக்கும் நேரம்

நீடாமங்கலத்தில் கேட் போட்டுவிட்டால்
மன்னார்குடி பஸ்ஸில் யாரும் பதறுவதில்லை.
கடலைக்காரர் ஏறுவார். டிரைவர் இறங்குவார்.
நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ்
தன் நாற்பத்திரண்டு பெட்டிகளையும்
ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டுத்தான் போகும்.

மூன்று வருடம், போக ஒருமுறை வர ஒருமுறை,
ஜன்னலோரம் உட்கார்ந்து எழுத்துப் பார்த்தேன்.
உரக்கடைப் பலகையில் 'யூரியா'வுக்கு மூச்சு முட்டும்.
லாரி முதுகில் 'ஒலி எழுப்பவும்'
பாதியில் பெயிண்ட் தீர்ந்து மெலியும்.
ஒரு கிளினிக் கதவில் மட்டும்
'செருப்பை வெளியே விடவும்'
காற்றாட, கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்.
எழுதியவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

தஞ்சாவூரில் டிஜிட்டல் டிசைன் படிக்கிறேன் என்றதும்
"அப்போ ஃப்ளெக்ஸ் அடிப்பியா?" என்றார்
ரேஷன் கடை சந்தனமேரி அக்கா.
கேலி இல்லை. மகள் சடங்குக்கு
அவருக்கு நிஜமாகவே ஒன்று தேவைப்பட்டது.
அடித்தேன்.

முதல் செமஸ்டரில் கம்ப்யூட்டரைத் தொடவே விடவில்லை.
பென்சிலில் வட்டம். நூறு வட்டம்.
நூற்றியோராவதும் முட்டையாகத்தான் வந்தது.
மகளிர் குழுக் கடனில் வாங்கிய லேப்டாப்
ரைஸ்மில் போல இரைந்தது.
அம்மா தவணை கட்டும் செவ்வாய்க்கிழமைகளில்
நிறங்களின் எண்களை மனப்பாடம் செய்தேன்,
அதுவாவது சரியாக வரட்டும் என்று.

மூன்றாம் வருடம் ஞாயிறுகளில்
ஜபருல்லா அண்ணன் ஃப்ளெக்ஸ் கடையில் வேலை.
எட்டுக்கு ஆறு. தோற்றம், மறைவு,
நடுவில் பெரிதாகக் கோதண்டபாணி.
ஃபாண்ட் மாற்றியதில் கொம்பும் காலும் கழன்று
'க'வை விட்டுத் தனியே நிற்க,
எழுத்தில்லாத இடத்தில் எந்திரம் போடுமே,
அந்தப் புள்ளி வட்டம்,
அதை நான் கவனிக்கவில்லை.
அச்சாகி, சட்டம் அடித்து, முச்சந்தியில் தூக்கிவிட்டார்கள்.

இரவு மகள் வந்தார்.
"அப்பா பேர்ல ஏதோ ஓட்டை மாதிரி இருக்கு பாப்பா,
அது என்ன எழுத்து?"
அது எழுத்தே இல்லை அக்கா
என்று சொல்ல வாய் வரவில்லை.

மறுபடி அடித்தோம். காசு வாங்கவில்லை.
அப்புறம் ஆறு மாதம் ஒரே வேலை:
எந்த ஃபோனில், எந்த ஃபாண்டில்
கொம்பு எங்கே கழல்கிறதென்று படம் பிடித்துச் சேர்த்தேன்.
இறுதியாண்டு ப்ராஜெக்ட்டும் அதுதான்.
"கலர் போதாது" என்று பி கிரேடு போட்டார்கள்.

வேலைக்கு எழுதியது பத்தொன்பது.
பதில் வந்தது மூன்று.
மூன்றாவதில், முகம் காட்டாமல்
என் லோகோக்களை விறுவிறுவென்று தள்ளிக்கொண்டே போன குரல்
கோதண்டபாணியிடம் நின்றது.
"இது யாரு?"
சொன்னேன்.
கேமராவைப் போட்டுவிட்டு
"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் அந்தப் பெண்.

இப்போது பணம் அனுப்பும் செயலியில் பட்டன் வரைகிறேன்.
முதல் வருடம் யாரோ வரைந்ததைப்
பெரிதாக்கினேன், சின்னதாக்கினேன். அவ்வளவுதான்.
'பே' என்று ஓரெழுத்துக்கு அளவெடுத்த பெட்டிக்குள்
'பணம் அனுப்பு' நுழையாது என்று சொல்ல
நான்கு மீட்டிங் ஆயிற்று.
ஐந்தாவதில் பெட்டியை அகலப்படுத்தினார்கள்,
பன்னிரண்டு பிக்ஸல்.
அன்று கேன்டீனில் இரண்டு வடை வாங்கினேன்.

பொங்கல் லீவு. அதே பஸ். அதே கேட்.
பக்கத்து சீட்காரர்
கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
அறுப்பு மெஷின்காரனுக்கு ஆயிரத்து இருநூறு அனுப்புகிறார்.
என் பட்டனை அவர் படிக்கக்கூட இல்லை.
அமுக்கினார். போய்விட்டது.
"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்கிறார்.
தள்ளி உட்கார்கிறேன்,
ஒரு கொம்பு நுழையும் அளவுக்கு.

கூட்ஸ் இன்னும் வரவில்லை.